அடியில் வர வேண்டிய கயிறு

அவரை எல்லோரும் ரெண்டுதரம் என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றோர் வைத்த பெயர் ஒன்று அடையாள அட்டையில் இருந்தது. அதற்கு வேலையே கிடையாது. எரிந்துபோன மோட்டார்களுக்குச் செம்புக் கம்பி சுற்றிக் கொடுக்கும் பட்டறை வைத்திருந்தார். எதையும் ஒரு தடவை பார்த்தால் அவருக்குப் பார்த்த மாதிரியே இருக்காது. பட்டறைக் கதவைப் பூட்டுவார், தெருமுனை வரை போவார், திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பார். "அந்தப் பூட்டு உங்க தொல்லை தாங்காமத் தானாவே திறந்துக்கப்போகுது, பாருங்க" என்பாள் மனைவி. பிரசவ அறைக்கு வெளியே நர்ஸ் வந்து பெண் குழந்தை என்று சொன்னபோது, "சரியாப் பாத்தீங்களா?" என்று கேட்ட மனிதர் அவர். அந்த நர்ஸ் ஓய்வு பெறும்வரை இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாளாம்.

சிரித்தவர்களும் மோட்டார் எரிந்தால் அவரிடம்தான் வந்தார்கள். தகரக் கூரை போட்ட நீளமான அறை. சுவரில் கனம்வாரியாகச் செம்புக் கம்பி உருளைகள், மூலையில் வார்னிஷ் வாளி, மேசையில் ஒரு சோதனை விளக்கு, பழைய பேட்டரி ஒன்று. அவர் கையிலிருந்து போன மோட்டார் திரும்பி வராது. இருபத்தாறு வருடத்தில் மூன்றே மூன்று வந்திருக்கின்றன. எந்த மூன்று என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். கொஞ்சம் திமிரும் இருந்தது, மறைப்பானேன். ஒரு வேலையைப் பற்றி எதிரே நிற்பவன் வாயைத் திறந்தால், "உனக்குத் தெரிஞ்சா நீயே பண்ணிக்கோ" என்று ஸ்பேனரை நீட்டிவிடுவார்.

இப்படிப்பட்டவர்தான் பெற்ற மகளைச் சாவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார். அவசரத்தில் இல்லை, குடித்துவிட்டு இல்லை. எப்போதும் போல இரண்டு தடவை சரிபார்த்துத்தான் அதைச் செய்தார்.

மகளைக் கட்டியவன் மீட்பு வண்டி ஓட்டுகிறவன். பள்ளத்தில் இறங்கியது, சேற்றில் சிக்கியது, மரத்தில் மோதி நின்றது என்று எந்த வண்டிக்கு வினை வந்தாலும் இவனுக்குத்தான் போன் வரும். அவன் வண்டியின் மூக்கில் வின்ச் என்ற இழுவை இயந்திரம் ஒன்று இருந்தது. ஒரு உருளை, அதில் சுற்றிய இரும்புக் கயிறு, உருளையைச் சுழற்ற ஒரு மோட்டார், கையில் பிடித்து அழுத்த வயரோடு கூடிய ரிமோட். கயிற்றின் கொக்கியைச் சிக்கிய வண்டியில் மாட்டிப் பொத்தானை அழுத்தினால், உருளை சுற்றிச் சுற்றி வண்டியை இழுத்துக்கொண்டு வந்துவிடும். வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ரிமோட்டோடு மேலே நிற்க, இன்னொருவர் இழுபடும் வண்டிக்குள் உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடிக்க வேண்டும். உள்ளே உட்காருவது மகள். அவளுக்கு அந்த வேலை பிடித்திருந்தது. எந்தச் சேற்றிலும் சக்கரத்தை நேராக வைக்கத் தனக்குத்தான் தெரியும் என்று அவளுக்கும் அப்பாவைப் போலவே கொஞ்சம் தலைக்கனம்.

மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் ஆகாது. பெரிய பகை ஒன்றும் இல்லை. இரண்டு வருடத்துக்கு முன்பு உறவுக்காரர் வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தபோது மாப்பிள்ளை வாய் சும்மா இருக்காமல், "மாமா ஒரு வண்டியை ரெண்டு தரம் செக் பண்ணி முடிக்கறதுக்குள்ள அது துருப்பிடிச்சுக் காயலான் கடைக்குப் போயிடும்" என்று சொல்லிவிட்டான். எல்லோரும் சிரித்தார்கள். இவரும் சிரித்தார், ஆனால் மறக்கவில்லை. அன்றிலிருந்து "வாங்க மாப்பிள்ளை", "போங்க மாப்பிள்ளை" என்று மரியாதை மட்டும் குறையாமல் நடந்தது. நடுவில் இரண்டு பெண்கள், தாயும் மகளும், கிழிந்ததைத் தைக்கிற மாதிரி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பேசிக்கொண்டே இருந்தார்கள்.

அந்த வின்ச் மோட்டார் ஒரு புதன்கிழமை புகைந்து செத்தது. வியாழன் காலையில் மாப்பிள்ளை வண்டியைப் பட்டறை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். மோட்டாரைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே எல்லாம் கரி.

"இதைச் சுத்திப் பிரயோஜனம் இல்ல, மாப்பிள்ளை. இந்த மோட்டாருக்கு நீங்க தூக்கற பாரமே அதிகம். பெருசா ஒண்ணு மாட்டிடுவோம்."

"உங்களுக்குச் சரின்னா சரி மாமா" என்றான் அவன்.

ரெண்டுதரம் நிமிர்ந்து பார்த்தார். மாப்பிள்ளை இவ்வளவு லேசில் சரி சொல்கிற ஆள் இல்லை.

பெரிய மோட்டார் ஒன்று அவரிடமே இருந்தது, பழைய இயந்திரம் எதிலிருந்தோ வந்தது. நாலு விரற்கடை நீளம் கூடுதல், ஆனால் முகப்பில் போல்ட் துளைகள் அச்சாகப் பொருந்தின. மேசையில் வைத்துப் பேட்டரி கொடுத்தார். வலப்பக்கம் சுற்றியது, இடப்பக்கம் சுற்றியது, பொறி பறக்கவில்லை. இன்னொரு தடவை கொடுத்துப் பார்த்தார். பழைய வயர் இந்த மோட்டாருக்குத் தாங்காது என்று கட்டைவிரல் கனத்தில் புது வயர் போட்டார். அச்சுக்குக் கிரீஸ் தடவி, வின்ச்சின் பக்கவாட்டில் ஏற்றி, போல்ட்டை முறுக்கினார். நாலாவது போல்ட் மட்டும் அடம்பிடித்தது. மரை பாதி தேய்ந்துபோய், உயிரைக் கொடுத்து முறுக்கிய பிறகுதான் பிடித்தது. கயிறு உருளையிலிருந்து முழுக்க அவிழ்க்கப்பட்டு, மண் போகக் கழுவி வாசலில் பாம்பாகக் கிடந்தது.

ரிமோட்டை அழுத்தினார். உள்ளே இழு என்ற பொத்தானுக்கு உருளை வெளியே விடுகிற பக்கம் சுற்றியது. வெளியே விடு என்றால் இழுக்கிற பக்கம் சுற்றியது.

காரணம் அவருக்கு உடனே தெரிந்தது. இந்த மோட்டாருக்குள் கம்பிச் சுருள் மறுபக்கமாகச் சுற்றியிருக்கிறது. மோட்டார் தலையில் இரண்டு வயரை மாற்றிப் போட்டால் தீர்ந்தது. ஆனால் அந்தத் தலை இப்போது வண்டிச் சட்டத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்திருந்தது. கை நுழையாது. மோட்டாரைக் கழற்ற வேண்டும், அந்த நாலாவது போல்ட்டையும் கழற்ற வேண்டும். மறுபடி அது பிடிக்காவிட்டால் மரையே போய்விடும். பொத்தானைத் தலைகீழாக அப்படியே விடவும் அவருக்கு மனசு வரவில்லை, அவசரத்தில் கை மாறி அழுத்திவிடும்.

அவர் ஒரு நிமிடம் யோசித்தார். பிறகு அவருக்கு ஒரு யோசனை வந்தது. வந்தபோது மிகவும் அழகாக இருந்தது.

"கயிறு எப்படியும் கீழதான கிடக்கு. அதை மறுபக்கமாச் சுத்திடுவோம். இதுவரைக்கும் உருளைக்கு அடியில வந்துச்சு, இனிமே மேலால வரட்டும். அப்ப பொத்தானும் சரியாப்போயிடும். இழுன்னா இழுக்கும், விடுன்னா விடும்."

மாப்பிள்ளை கயிற்றைப் பார்த்தான். காதைச் சொறிந்தான்.

"கயிறு அடியிலதான் வரணும்னு சொல்வாங்க, மாமா."

"யார் சொல்வாங்க?"

"எனக்கு வண்டி வித்தவர் சொன்னாரு."

"ஏன்னு சொன்னாரா?"

"அது... கேக்கல."

"நான் முப்பது வருஷமா மோட்டாரோட குடும்பம் நடத்தறேன், மாப்பிள்ளை. மோட்டாருக்கு வலது இடதுன்னு கிடையாது. எந்தப் பக்கம் சுத்தச் சொன்னாலும் அதே வேகம், அதே பலம். உங்களுக்கு நம்பிக்கை இல்லைன்னா இந்தாங்க ஸ்பேனர்."

வேறொரு நாளாக இருந்தால் மாப்பிள்ளை ஸ்பேனரை வாங்கியிருப்பான். அன்று தலையைக் குனிந்துகொண்டு, "நீங்க சொன்னாச் சரிதான் மாமா" என்று கயிற்றின் நுனியை எடுத்துக் கொடுத்தான். ஒரு வழியாக மாப்பிள்ளைக்குப் புத்தி வந்துவிட்டது என்று ரெண்டுதரத்துக்கு உள்ளுக்குள் குளிர்ந்துபோயிற்று. இருவரும் சேர்ந்து கயிற்றை மேலாகச் சுற்றினார்கள். மோட்டாரைப் பற்றி அவர் சொன்னதில் ஒரு எழுத்துக்கூடத் தப்பில்லை. மோட்டாருக்கு அப்பால் அந்த உருளைக்குள் வேறு என்ன இருக்கிறது என்று அவர் பார்க்கவில்லை. அது அவர் வேலை இல்லை என்று நினைத்தார்.

சோதனை பண்ணாமல் விடுவாரா? தெருவில் மரக்கட்டை ஏற்றிய லாரி ஒன்று நின்றிருந்தது. அதன் டிரைவரைக் கெஞ்சி, கொக்கி மாட்டி இழுத்தார். லாரி குழந்தை மாதிரி வந்தது. நிறுத்தினார், நின்றது. திரும்ப இழுத்தார், நிறுத்தினார், நின்றது. தெரு தட்டையான தெரு. அங்கே வின்ச்சே இல்லாவிட்டாலும் லாரி நின்ற இடத்தில்தான் நின்றிருக்கும்.

"பெரிய மோட்டார், சீக்கிரம் சூடேறும்" என்று போகும்போது சொல்லி அனுப்பினார். "ஒரு நிமிஷம் இழுத்தா கையை எடுத்துடுங்க. ரெண்டு நிமிஷம் ஆறட்டும். மறுபடி இழுங்க."

மறுநாள் காலை மேஸ்திரி ஒருவர், கட்டட வேலையில் கலவைச் சட்டியை மாடிக்கு ஏற்றுகிற சின்ன மின்ஏற்றியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். மோட்டார் போயிருந்தது. மூடியைக் கழற்றி, உள்ளே நீட்டிக்கொண்டிருந்த அச்சைக் கையால் பிடித்துச் சுற்றினார் ரெண்டுதரம். லொடலொடவென்று சுற்றியது. மறுபக்கம் சுற்றினார். அரைச் சுற்றில் டக்கென்று பூட்டிக்கொண்டது.

"துரு ஏறிடுச்சு போல."

"துரு இல்லைங்க, அது பிரேக்கு" என்றார் மேஸ்திரி. "அதைத் தொட்டுடாதீங்க. ஏத்தற பக்கம் சும்மா விடும், இறங்கற பக்கம் தானாப் பிடிச்சுக்கும், மோட்டார் பலத்துக்கு மட்டும்தான் விட்டுக்கொடுக்கும். மோட்டார் நின்னாலும் சட்டி அந்தரத்துல நிக்குதில்ல, அது எப்படின்னு நினைச்சீங்க? வண்டியில மாட்டுற வின்ச்சுலயும் இதே சமாச்சாரம்தான், உருளைக்குள்ள இருக்கும்."

ரெண்டுதரம் அச்சை மறுபடி இந்தப் பக்கம் சுற்றினார். சுற்றியது. அந்தப் பக்கம் சுற்றினார். பூட்டியது.

"ஒரு பக்கம் மட்டும்தான் பிடிக்குமா?"

"ஒரு பக்கம்தான்."

"கயிறை மறுபக்கமாச் சுத்திட்டா?"

"அப்புறம் பிரேக் எதைப் பிடிக்கும்? மோட்டார் ஓடுற வரைக்கும் பாரம் நிக்கும். கையை எடுத்தா எல்லாம் கீழ. ஆனா அப்படி யார் சுத்துவாங்க?" என்று மேஸ்திரி சிரித்தார்.

ஒரு நிமிஷம் இழுத்தால் கையை எடுத்துவிடு என்று சொல்லி அனுப்பியதும் அவர்தான். மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். அடித்து அடித்து நின்றது. அவன் வேலையில் இறங்கினால் போனை வண்டிச் சீட்டில் எறிந்துவிடுவான். மகளுக்குப் போட்டார். எடுத்தது அவர் மனைவி.

"போனை இங்கயே வச்சுட்டுப் போயிட்டா. காலையில டீ குடிக்க வந்தாங்க. ஏன், என்ன?"

"எங்க போயிருக்காங்க?"

"ஏரிக்கரைக்கு. வெளுப்புக் கடைக்காரர் வேன் ராத்திரி பெஞ்ச மழையில சரிஞ்சு கீழ இறங்கிடுச்சாம். தண்ணிகிட்டயே நிக்குதாம். புது மோட்டாருக்கு முதல் வேலை, அப்பாகிட்ட சொல்லிடுங்கன்னு சந்தோஷமாச் சொல்லிட்டுப் போனா. ஏங்க, பேசுங்க. என்னங்க ஆச்சு?"

அவர் மேஸ்திரியை அப்படியே விட்டுவிட்டு மொபெட்டை எடுத்தார். இருபத்தாறு வருடத்தில் முதல் தடவையாகப் பட்டறைக் கதவு ஆவென்று திறந்து கிடந்தது.

ஏரிக்கரைக்குப் பன்னிரண்டு நிமிடம். சிக்னல் ஒன்றில் நிற்கும்போது, ஏற்கெனவே நடந்து முடிந்திருந்தால் என்ன செய்வது என்ற எண்ணம் வந்தது. அதற்கு மேல் யோசிக்க அவருக்குத் தைரியம் இல்லை. சிவப்பு மாறுவதற்குள் கிளம்பினார். பின்னால் யாரோ திட்டினார்கள்.

கரைமேல் சாலையில் பத்திருபது பேர் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் வண்டி ஏரியைப் பார்த்து மூக்கை நீட்டிக்கொண்டு, சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து நின்றது. வெளுப்புக் கடைக்காரர் குடையை மடக்கிக் கையில் வைத்துக்கொண்டு ஓரமாக நின்றார். தன் வண்டிக்குப் பக்கத்தில் மாப்பிள்ளை, கையில் ரிமோட். மோட்டார் பேரிரைச்சலோடு ஓடிக்கொண்டிருந்தது. கயிறு உருளையின் மேலாகப் போய்ச் சரிவில் இறங்கியது. அதன் மறுமுனையில் வெள்ளை வேன், சரிவில் பாதி ஏறியிருந்தது. வேனுக்குப் பின்னால் ஈர மண், அதற்குப் பின்னால் தண்ணீர். கண்ணாடிக்கு உள்ளே மகள் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி எட்டி எட்டிச் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பக்கத்தில் நின்ற ஆளைப் பிடித்து உலுக்கினார். "எப்போருந்து இழுக்கறாங்க?"

"கீழ சேத்துல ரெண்டு தடவை நிறுத்தி நிறுத்தி இழுத்தாங்க. இப்பத்தான் மேட்டுல ஏறுது. அந்த வேனுக்கு பிரேக்கும் இல்லையாம், கல்லு இடிச்சுக் குழாய் பிஞ்சுபோச்சாம். பாவம், அந்தப் பொண்ணு தைரியமா உட்காந்திருக்கு."

கீழே சேறு தட்டை. அதனால் அங்கே நின்றிருக்கிறது. மேட்டில் இன்னும் ஒரு தடவைகூடக் கையை எடுக்கவில்லை.

அவர் வாயைத் திறந்தார். 'கையை எடுக்காதே' என்று கத்தத்தான் திறந்தார். கத்தல் தொண்டைக்கு வந்ததும் அதை அப்படியே விழுங்கினார். அந்த இரைச்சலில் ஒரு வார்த்தையும் கேட்காது. யாரோ கூப்பிடுகிறார்கள் என்பது மட்டும்தான் கேட்கும். என்னவென்று கேட்பதற்காக மாப்பிள்ளை முதலில் மோட்டாரை நிறுத்துவான். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்வார்கள்.

ஓடவும் பயமாக இருந்தது. ஓடி வருகிற ஆளைப் பார்த்தாலும் கை பொத்தானைவிட்டு வந்துவிடும். நாற்பதடி தூரம். அவர் வேகமாக, ஆனால் நடந்தே போனார். கடைக்குப் போகிறவர் மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தார். வாழ்க்கையில் அவ்வளவு நீளமான நாற்பதடியை அவர் நடந்ததில்லை. பாதி வழியில் மாப்பிள்ளை கைக்கடிகாரத்தைப் பார்த்தான். நிமிடத்தை எண்ணுகிறான். மாமனார் சொன்னபடி எண்ணுகிறான்.

பின்பக்கமாக வந்து, ரிமோட்டைப் பிடித்திருந்த அவன் கையைத் தன் கையால் மூடி, அவன் கட்டைவிரல் மேல் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். மாப்பிள்ளை திடுக்கிட்டுத் திரும்பினான். விரல் அசைந்தது, அவர் விடவில்லை.

"மாமா, ஒரு நிமிஷம் ஆச்சு. நீங்கதான..."

அவன் காதோடு வாயை வைத்துச் சொன்னார். "பிரேக் பிடிக்காது."

அவன் அவரைப் பார்த்தான். பிறகு உருளையைப் பார்த்தான், அதன் மேலாகப் போகும் கயிற்றைப் பார்த்தான். அவன் முகம் வெளிறிப்போனதை அவர் அரை அடி தூரத்தில் நின்று பார்த்தார். அதைப் பிறகு பல நாள் பார்த்தார்.

"விரலை உருவு. நான் பிடிச்சிருக்கேன். போய் அவளை இறக்கு. போடா" என்றார். மாப்பிள்ளையை அவர் அப்படிக் கூப்பிட்டது கிடையாது. இரண்டு பேருக்குமே அது காதில் விழவில்லை.

அவன் சரிவில் வழுக்கிக்கொண்டே ஓடினான். கயிற்றுக்கு நேரே போகாமல் பக்கவாட்டில் ஓடும் அளவுக்கு அவனுக்கு நிதானம் இருந்தது. மோட்டாரின் சத்தம் மாறத் தொடங்கியது. அவருக்குத் தெரிந்த சத்தம் அது. உள்ளே செம்புக் கம்பியின் மேல்பூச்சு உருகும்போது மோட்டார் இப்படித்தான் தொண்டை கட்டிப் பேசும். வார்னிஷ் கருகும் வாடை வந்தது. அவர் கையால் தேர்ந்தெடுத்த மோட்டார், அவர் கண்முன்னே, அவர் விரலுக்குக் கீழே எரிந்துகொண்டிருந்தது. இன்னும் கொஞ்சம் என்று அதைக் கெஞ்சினார். ஒரு இயந்திரத்தை இவ்வளவு வெட்கமில்லாமல் யாரும் கெஞ்சியிருக்க மாட்டார்கள்.

வேன் மெல்ல மேலே வந்துகொண்டிருந்தது. மகள் கணவன் ஓடி வருவதைப் பார்த்தாள், மேலே அப்பா நிற்பதைப் பார்த்தாள், சிரித்தாள். அவர் இடது கையைத் தூக்கி, வா, வெளியே வா என்று ஆட்டினார். அவர்கள் தொழிலில் அப்படி ஆட்டினால் சரியாக வருகிறாய், அப்படியே வா என்று அர்த்தம். அவள் தலையாட்டிவிட்டு ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மாப்பிள்ளை கதவை எட்டிப் பிடித்துத் திறந்தான். உள்ளே ஏதோ பேச்சு. அவள் மறுத்துத் தலையாட்டுவது தெரிந்தது. இவ்வளவு தூரம் வந்த பிறகு யாராவது ஸ்டியரிங்கை விடுவார்களா என்று அவள் கேட்டிருப்பாள். அவன் அவள் மேல் பாய்ந்து சீட் பெல்ட்டைக் கழற்றினான், அக்குளில் கையைக் கொடுத்து மூட்டை மாதிரி வெளியே இழுத்தான். இரண்டு பேரும் ஈர மண்ணில் பக்கவாட்டில் விழுந்தார்கள். அவள் செருப்பு ஒன்று வேனுக்குள்ளேயே தங்கிவிட்டது.

மோட்டார் பட்டென்று ஒரு பொறியோடு நின்றது.

ஒரு நொடி எல்லாமே நின்றது. வேன்கூட யோசிப்பது போல இருந்தது. பிறகு உருளை பின்பக்கம் சுற்ற ஆரம்பித்தது, முதலில் மெதுவாக, அப்புறம் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில். கயிறு சடசடவென்று ஓடித் தீர்ந்து, நுனி பிய்த்துக்கொண்டு சரிவில் சாட்டையாக அடித்தது. வேன் பின்னோக்கிப் போய்த் தண்ணீரை மோதிய சத்தம் கரை முழுக்கக் கேட்டது. பின்கதவு திறந்துகொண்டது. வெளுத்து மடித்து வைத்திருந்த படுக்கை விரிப்புகள் ஒவ்வொன்றாக வெளியே வந்து ஏரியின் மேல் விரிந்தன. முன்சீட்டு மூழ்க அரை நிமிடம்கூட ஆகவில்லை. அவர் அதையும் பார்த்தார்.

மகள் ஒற்றைச் செருப்போடு மேலே ஏறி வந்தாள். முழங்கையில் தோல் உரிந்திருந்தது. அப்பா நின்ற இடத்திலேயே நின்றிருந்தார். கட்டைவிரல் பொத்தானை அழுத்தியபடியே இருந்தது, நகம் வெளுத்துப்போய்.

"விடுங்கப்பா. மோட்டார் செத்துப்போச்சு."

"விட்டாப் போயிடும்மா."

"போயிடுச்சுப்பா. நான் இங்க நிக்கறேன் பாருங்க."

அவர் அவளைப் பார்த்தார். பிறகு மறுபடி பார்த்தார். அவள்தான் விரலை ஒவ்வொன்றாகப் பிரித்து ரிமோட்டை வாங்கினாள். அவருக்கு அழுகை வந்தது. கூட்டத்தின் முன்னால் அழுதார்.

வெளுப்புக் கடைக்காரர் மெல்லப் பக்கத்தில் வந்தார். கோபப்படக்கூட அவருக்கு இன்னும் நேரம் கிடைக்கவில்லை. "என்ன ஆச்சு? கயிறு அறுந்துடுச்சா?" என்றார்.

மாப்பிள்ளை சேற்றுக் கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டான். மாமனார் பக்கம் பார்க்காமல் சொன்னான். "பழைய வின்ச்சுங்க. உள்ள பிரேக் போயிடுச்சு. எங்க நேரம்."

யாரும் நம்பக்கூடிய பதில்தான். கடைக்காரர் தலையாட்டவும் ஆரம்பித்துவிட்டார். ரெண்டுதரத்துக்கு அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. தோன்றவில்லை என்று சொன்னால் பொய்.

"பிரேக்குல ஒரு குறையும் இல்லைங்க" என்றார். "மோட்டார் மாட்டினது நான். கயிறைத் தப்பான பக்கம் சுத்தினதும் நான். அடியிலதான் வரணும்னு இவர் சொன்னாரு. நான் அவரைப் பேச விடல."

கூட்டத்தில் ஒரு சலசலப்பு. ரெண்டுதரமா, ரெண்டுதரமா இப்படிப் பண்ணினார் என்று யாரோ கேட்டார்கள். மாப்பிள்ளை தரையைப் பார்த்தான்.

மகளின் முகம்தான் மாறியது. அவள் கணவனைப் பார்த்தாள், "உங்களுக்குத் தெரிஞ்சுதான் இருந்துச்சா?" என்றாள். அவள் மெதுவாகச் சாலையோரக் கல்லில் உட்கார்ந்தாள்.

"அப்பா, நேத்து இவர்கிட்ட நான்தான் சொல்லி அனுப்பினேன். எங்கப்பா என்ன சொன்னாலும் இன்னைக்கு ஒரு நாள் எதிர்த்துப் பேசாதீங்க, நீங்க சொன்னாச் சரின்னு சொல்லிடுங்கன்னு. நீங்க ரெண்டு பேரும் ராசியாகணும்னு."

அவர் அவளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். வியாழக்கிழமை மாப்பிள்ளை வாயை மூடிக்கொண்டதற்கு, வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் தான் எவ்வளவு சந்தோஷப்பட்டோம் என்பதை அவரால் அவளிடம் சொல்ல முடியவில்லை.